கியோத்தோ கடற்கரை நண்டு

சூசைநாதன் கியோத்தோவிலிருந்து திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் வரதராசாவின் கையிலிருந்த கரண்டி கொதிக்கிற எண்ணெய்க்குள் விழுந்தது.

"ஆர்? எங்கையிருந்து?"

"ஜப்பானிலையிருந்து. நீங்கள் போன அதே ஊர்தான்" என்றாள் அவர் மனைவி தில்லைநாயகி, கல்லாவிலிருந்து முகமெல்லாம் பல்லாக. "பின்னேரம் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறன். ரெண்டு பேருமாயிருந்து கதைக்கலாம்தானே."

பாரிஸின் லா சப்பலில் வரதராசாவின் சாப்பாட்டுக் கடை ஓடுவதே, கியோத்தோவில் கழித்ததாக அவர் சொல்லும் ஒரு மாலைப்பொழுதின் புண்ணியத்தில்தான். கப்பலில் வேலை செய்த காலத்தில் கியோத்தோ கடற்கரையில் உலாவியதையும், ஒரு கிழவர் சுட்டுக் கொடுத்த நண்டைத் தின்றதையும் அவர் சொல்லச் சொல்ல, புறநகர் ஒபர்வில்லியேயிலிருந்துகூட ஆட்கள் வந்து 'கியோத்தோ நண்டுக்கறி' கேட்டார்கள். கப்பல் ஜப்பான் துறைமுகத்தில் நின்றது உண்மை. கரையிறங்க அனுமதி கிடைக்காமல் அவர் சட்டிபானை கழுவிக்கொண்டிருந்ததும் உண்மை. மற்றதெல்லாம் வாய்க்கு வந்தபடி விட்ட கதை. ஆனால் உலகம் சுற்றிய மாப்பிள்ளை என்று நம்பித்தான் தில்லைநாயகி கழுத்தை நீட்டினாள்.

"தலையிடிக்குது, நான் வீட்டை போறன்" என்று நழுவப் பார்த்தார். அவள் கொத்தமல்லி அவித்து அவர் கையில் திணித்து, விருந்தாளிக்கு நேரெதிரே நாற்காலி போட்டு இருத்திவிட்டாள்.

சூசைநாதன் வந்தார். தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற புதுச்சேரிக்காரர், கோட்டும் டையுமாக. கடையிலிருந்தவர்கள் தட்டுகளோடு வந்து சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

வரதராசா முந்திக்கொண்டார். "ஐயா, நான் போய்க் கனகாலம். இப்ப எல்லாம் மாறியிருக்கும், என்ன?"

"அப்படியொண்ணும் மாறலை" என்றார் சூசைநாதன், கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு.

"அந்தக் கடற்கரை?" என்று தில்லைநாயகி கேட்டே விட்டாள். வரதராசா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"அருமையான கடற்கரைங்க! சாயங்காலமானா அங்கதான் இருப்பேன்."

வரதராசா கண்ணைத் திறந்தார். அவராகக் கட்டிவிட்ட கடற்கரை நிஜமாகவே இருக்கிறதா?

"நண்டு சுடுற கிழவர்?" என்றார் மெல்ல.

"அவரு போயிட்டாரு, பாவம். மகன்தான் இப்ப சுடறான்."

ஐயோ கிழவா என்று வரதராசா உச்சுக் கொட்டினார். அப்படி ஒரு கிழவரே கிடையாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. ஆளைச் சோதித்துவிடுவது என்று துணிந்தார்.

"கோயிலடியிலை ஒரு யானை நிக்குமே?"

"நிக்குதே! கொஞ்சம் மெலிஞ்சிடுச்சு. நான் வாழைப்பழம்கூடக் கொடுத்தேன்."

வரதராசாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அன்றைக்குக் கப்பலிலிருந்து இறங்கித்தான் போனோமோ? நினைவுதான் தப்பிவிட்டதோ?

"இஞ்சருங்கோ!" தில்லைநாயகி எழுந்தே விட்டாள். "இந்த வக்கான்ஸ் விடுமுறைக்குக் கடையைப் பூட்டிப்போட்டு நாங்களும் போறம். நீங்கள் இருந்த அதே மணலிலை நானும் இருந்து நண்டு தின்ன வேணும். நாளைக்கே ரிக்கற் போடுங்கோ."

"எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கோ அண்ணை! யானையைப் பாப்பம்!" என்று பின்னாலிருந்து குரல்கள்.

வரதராசா அவசரமாகக் குறுக்கிட்டார். "அங்கை சரியான குளிர், உனக்கு ஒத்துவராது. ஐயா, நீங்களாவது சொல்லுங்கோவன்!"

"குளிரா? நம்ம காரைக்கால் மாதிரி இதமா இருக்கும்" என்றார் சூசைநாதன் தாராளமாக. "அவசியம் போங்க. நானே கூட வந்து வழி காட்டறேன்."

கூட்டம் கை தட்டியது. தில்லைநாயகியின் கண்ணில் நீர் தளும்பியது. அதைப் பார்க்கத்தான் வரதராசாவால் முடியவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தார்.

அதற்குள், கணவரை அழைத்துப்போக வந்து வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சூசைநாதனின் மனைவி மர்கரீத், வாயில் கை வைத்தபடி உள்ளே வந்தாள்.

"எந்தக் கடல், எந்த யானைங்க? மலைக்கு நடுவுல இருக்கற கியோத்தோவுக்குப் போயிட்டு வந்தது நானும் என் தங்கச்சியும்தான். இந்த மனுஷன் பிளேனைக் கண்டு பயந்து, நாங்க திரும்பற வரைக்கும் இங்க பக்கத்துல பொண்டியில தம்பி வீட்டுல ஒளிஞ்சில்ல இருந்தாரு!"