கழுத்தில் தொங்கிய சாவி

இந்தக் கட்டடத்தில் எவன் வந்து கேட்டாலும் என் ட்ரில் மெஷின் கிடையாது என்று காலைக் காபியோடு அறிவித்தேன்.

நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்ப்பவன். கார் தானாக மரத்தில் மோதியதா, மோத வைத்தார்களா என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அதனால் யாராவது சும்மா சிரித்தாலே எனக்குச் சந்தேகம் வரும். எதிர்வீட்டுத் தையல்காரர் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார்.

"குடுத்தா என்னங்க?" என்றாள் மனைவி. "நாளைக்கு நமக்கு ஒண்ணுன்னா அவங்கதானே வருவாங்க."

"கிழிச்சாங்க. காரியம் ஆகற வரைக்கும் காலைப் பிடிப்பான். ஆனதும் நீ யாரும்பான்."

"அதுவும் சரிதான்."

இவ்வளவு சீக்கிரம் அவள் ஒப்புக்கொண்டபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். பூட்டு வாங்கும் அவசரத்தில் கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

திரும்பி வந்து மெஷின் பெட்டியைத் தூக்கிப் பார்த்தேன். நல்ல கனம். அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். குளிக்கும்போதுகூட கழற்றவில்லை.

மறுநாள் எங்கள் இஸ்திரிப் பெட்டியைக் காணோம். தையல்காரன் வேலைதான் என்றேன். மெஷினைப் பூட்டிவிட்டதால் கை இதற்கு நீண்டுவிட்டது. எங்கேயும் போயிருக்காது, வீட்டுக்குள்ளேதான் இருக்கும் என்றாள் மனைவி. அவளுக்கு உலகம் தெரியாது.

அன்று சாயங்காலமே தையல்காரர் என் சட்டைகளை மடிப்புக் கலையாமல் தேய்த்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார். எதற்கு என்று கேட்டால், "சும்மாதான் சார்" என்றார். சும்மாவாம். எடுத்தவனுக்குத்தானே உறுத்தும்? சட்டையை மோந்து பார்த்தேன். என் இஸ்திரிப் பெட்டி வாசனை எனக்குத் தெரியாதா?

பிறகு ஒவ்வொருவராக ஆரம்பித்தார்கள். மாடிவீட்டு நர்ஸ் படிக்கட்டில் நிறுத்தி எனக்கு பிரஷர் பார்த்தாள். கீழ்வீட்டு டிரைவர் தன் வேனை வெயிலில் நிறுத்திவிட்டு என் ஸ்கூட்டருக்கு நிழலை விட்டுக்கொடுத்தார். என் பிரஷர் ஏற இதுவே போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் ஊருக்குக் கிளம்பும்போது தன் வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தாள். அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று புரிந்தது. உள்ளே ஏதாவது காணாமல் போகும். பழி என் மேல் விழும். இத்தனை வருஷம் கட்டிக்காத்த பெயர் ஒரே நாளில் நாறிப்போகும். இது கூட்டுச் சதி. தலைவன் தையல்காரன்.

மூன்று பேரையும் அப்படியே எங்கள் முன்னறைக்குக் கூப்பிட்டேன்.

"நான் உங்க யாருக்கும் எதுவும் செஞ்சதில்லை. அப்புறம் எதுக்கு இத்தனை உபசாரம்?"

அடுத்து இஸ்திரிப் பெட்டி விஷயத்தை எடுக்க வாயைத் திறந்தேன். தையல்காரர் முந்திக்கொண்டார்.

"எதுவும் செஞ்சதில்லையாம், கேட்டீங்களா?" என்று மற்றவர்களிடம் உருகினார். "நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே மெஷினைக் குடுத்தனுப்பி, 'உங்க வீட்லயே இருக்கட்டும், எல்லாரும் எடுத்துக்கங்க'ன்னு சொன்னது யாரு சார்? நன்றி சொன்னா உங்களுக்குக் கூச்சம், அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருந்தாங்க."

என் கை கழுத்துச் சாவிக்குப் போனது. மனைவியைப் பார்த்தேன். அவள் ரொம்பக் கவனமாக ஜன்னல் திரையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

உண்மையைச் சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் மெஷின் போகும்.

"அது... ஏதோ என்னால முடிஞ்சது" என்றேன்.

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டிரைவர் தன் வீட்டுச் சாவியையும் கொண்டுவந்து தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன்.

"அப்ப இத்தனை நாளா நான் பூட்டி வெச்சுக் காவல் காத்தது என்னடி?"

"நீங்க பூட்டு வாங்கப் போன நேரத்துல மாத்தினேன். கனம் வேணுமேன்னு கைக்குக் கிடைச்சதை வெச்சேன்." உள்ளங்கையை நீட்டினாள். "சாவியைக் குடுங்க. பாவம் அந்த மனுஷன், இனிமேலாவது உங்க சட்டையை அவர்கிட்ட குடுக்காம நாமளே தேச்சுக்கலாம்."