மூன்றரை அடிக்குக் கீழே நாய்

நாய்க் கண்காட்சியை நேரடியாக ஒளிபரப்புவது என்றும், அது பொதுமக்களுக்கும் நாய்ப் பிரியர்களுக்கும் ஒருசேரத் திருப்தியளிக்க வேண்டும் என்றும் தொலைக்காட்சி நிலையத்தின் மேலிடம் முடிவெடுத்தது. முடிவெடுத்த ஐந்து பேரில் நான்கு பேருக்கு நாயென்றால் பயம். ஐந்தாமவர் அன்று விடுப்பில் இருந்தார்.

பொறுப்பு தயாரிப்பாளர் அம்மாளிடம் வந்தது. அவருக்கு உண்மையிலேயே நாய் பிடிக்கும். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

"ரொம்பச் சுலபம் சார்" என்றார் நிலைய இயக்குநரிடம். "நடுவர் நாயோட பல்லைப் பார்ப்பார், நடையைப் பார்ப்பார். எதுக்குப் பார்க்கிறார்னு ஒருத்தர் பக்கத்துல இருந்து சாதாரணமா சொன்னா போதும். தெரியாதவங்க தெரிஞ்சுக்குவாங்க. தெரிஞ்சவங்க இல்லவே இல்லைன்னு சண்டை போடுவாங்க. ரெண்டு பேருக்கும் சந்தோஷம்."

இயக்குநர் முகம் வாடிவிட்டது. "இவ்வளவு சுலபம்னா அப்புறம் கமிட்டி எதுக்கும்மா?"

கமிட்டி மூன்று வாரம் கூடியது. பல்லை அருகில் காட்டினால் குழந்தைகள் பயப்படுவார்கள் என்று பல் நீக்கப்பட்டது. ஓட்டத்தைக் காட்டினால் குட்டைக்கால் நாய்களுக்கு அநீதி என்று ஓட்டமும் நீக்கப்பட்டது. கடைசியில், பொதுமக்களுக்கு மனிதர்கள் மேல்தான் ஆர்வம் என்பது ஆழ்ந்த பரிசீலனைக்குப் பின் கண்டறியப்பட்டு, சுற்றறிக்கை வந்தது: கேமராக்கள் தரையிலிருந்து மூன்றரை அடிக்கு மேல் மட்டுமே காட்ட வேண்டும். நாய்ப் பிரியர்களின் உணர்வுகளுக்கு மதிப்பளிக்கும் வகையில் கயிறு தெரியலாம்.

கண்காட்சி நாள் வந்தது. பொதுமக்கள் சார்பில் ஒரு விளையாட்டு வர்ணனையாளரும், பிரியர்கள் சார்பில் ஒரு கால்நடை மருத்துவரும் திரையைப் பார்த்துப் பேசினார்கள்.

"டாக்டர், இவர் நடை எப்படி?"

"கம்பீரமா இருக்கு. பின்னங்கால்தான் கொஞ்சம் வளைஞ்சிருக்கும்னு நினைக்கிறேன்."

திரையில் அப்போது ஒரு வங்கி மேலாளர் நடந்துகொண்டிருந்தார்.

முதல் பரிசு ஒரு தையற்காரம்மாவின் பழுப்பு நாய்க்குப் போனது. கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் இரண்டு வருஷம் அதற்கு நடை பழக்கியவர் அவர். நடுவர் கையைக் கீழே காட்டியதும் அந்த அம்மாள் அழுதுகொண்டே குனிந்து நாயைக் கட்டிக்கொண்டார். அதாவது திரையை விட்டு மறைந்துபோனார். பதினோரு வினாடிகள் தேசம் ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்தது.

"கேமராவை இறக்குப்பா!" என்று கத்தினார் தயாரிப்பாளர் அம்மாள்.

"எழுத்துல உத்தரவு வேணுமேம்மா" என்றார் கேமராக்காரர்.

கட்டுப்பாட்டு அறையிலிருந்து தயாரிப்பாளர் அம்மாளே ஓடிவந்து கேமராவைக் கீழே திருப்பினார். நான்கு வினாடி, நாய்க் கண்காட்சியில் ஒரு நாய் தெரிந்தது. ஐந்தாவது வினாடியில் கேமரா சட்டப்படி நிமிர்த்தப்பட்டது.

மறுநாள் புகார்கள் குவிந்தன. "நல்லாப் போய்க்கிட்டிருந்த நிகழ்ச்சியில திடீர்னு ஒரு நாய் புகுந்துடுச்சு, யாரும் துரத்தலையா?" என்று கேட்டார் ஒரு குடும்பத்தலைவர். நாய்ப் பிரியர் சங்கமோ, காதின் அளவு சரியில்லை என்றும், இனி இத்தகைய நாய்களைக் காட்டாமலிருப்பதே இனத்துக்குக் கௌரவம் என்றும் எழுதியது. தயாரிப்பாளர் அம்மாளுக்கு மெமோ வந்தது. நிகழ்ச்சி மாபெரும் வெற்றி என்று இயக்குநருக்குப் பதவி உயர்வு வந்தது.

அந்த வாரக் கடைசியில் தையற்காரம்மா நிலையத்துக்கு வந்தார். நாயை உள்ளே விட விதியில்லை என்பதால் அது வாசலில் நின்றது. ஒளிபரப்பின் பிரதி ஒன்று வேண்டுமென்று கேட்டார்.

தயாரிப்பாளர் அம்மாள் அவரை உள்ளே அழைத்துப் போனார். மெமோவைத் தள்ளிவைத்துவிட்டு அந்த நான்கு வினாடியைப் போட்டுக் காட்டினார். திரையில் நாய் கேமராவை நேராகப் பார்த்தது. வாலை ஒருமுறை ஆட்டியது.

"இதுக்காக என் வேலையே போனாலும் பரவாயில்லைம்மா" என்றார்.

தையற்காரம்மா சங்கடத்தோடு நெளிந்தார்.

"கோவிச்சுக்காதீங்க. இதுதான் தினமும் வீட்டுலயே இருக்கே. இதுக்கு முன்னாடி என் முகம் பெருசா வருமே, அதைப் போடுங்களேன்."