கழுவிக் கவிழ்த்த பரீட்சை

ஒவ்வொரு வேலையிலும் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டால் படிப்படியாக மேலே போய்விடலாம் என்று புத்தி சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் அப்படித்தான் ஏறினேன். கடைசிப் படியில் என்னைத் தள்ளிவிட்டது நான் முதலில் கற்ற வித்தை.

பள்ளிப் படிப்பு நின்றதும் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு சாயாக்கடையில் வேலை. கிளாஸை மேசையில் விட்டுவைக்கக் கூடாது. எடு, கழுவு, கவிழ்த்து வை. பிறகு தேயிலைக் கிடங்கு. தூளைத் தொட்டே ரகம் சொல்லப் பழகினேன். அப்புறம் ஒரு தேயிலைக் கம்பெனியில் சாம்பிள் டப்பா சுமந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் அங்கே ருசி பார்ப்பவருக்கு உதவியாளர் தேவைப்பட்டது. நாற்காலி, மின்விசிறி. எங்கள் வம்சத்தில் எவனும் உட்கார்ந்து சம்பளம் வாங்கியதில்லை (அப்பா நகரசபைக் குப்பை வண்டி தள்ளியவர்). அம்மா பள்ளுருத்திச் சொந்தக்காரர்கள் வரை சொல்லிவிட்டாள்.

பரீட்சையன்று நீள மேசையில் வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். உறிஞ்சினேன், துப்பினேன், நல்லதிலிருந்து மட்டம் வரை அடுக்கினேன். ருசி பார்க்கும் வர்கீஸ் சார் தானும் ருசித்து ஒத்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் போன் வந்து பக்கத்து அறைக்குப் போனார்.

மேசையில் ஆறிய சாயா, ஈரத் தேயிலைச் சக்கை. கை சும்மா இருக்குமா? சுத்தத்துக்கும் ஒரு நல்ல பெயர் கிடைக்கட்டும் என்று வேறு தோன்றியது (விதி).

திரும்பி வந்தவர் கவிழ்ந்திருந்த கோப்பைகளைப் பார்த்தார்.

"எடோ, ஆ சாயா எவிடே?"

"கழுவியாச்சு சார். வேற போட்டுத் தரட்டா?"

"எங்ஙனே? சாம்பிள் தீர்ந்நு போயி." ஒரு கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பட்சே நல்லா கழுகிட்டுண்டு." ஆனாலும் நன்றாகக் கழுவியிருக்கிறேனாம்.

அந்த நாற்காலியில் அவருடைய மச்சான் மகன் உட்கார்ந்தான். கோப்பை கழுவ ஆள் வேண்டுமென்று என்னைக் கூப்பிட்டார்கள். மானங்கெட்டவன், போனேன். அம்மாவிடம், "அதே ரூம்லதான் வேலை" என்றேன். பொய்யில்லையே.

விஷயம் வீட்டில் தெரிந்த நாளிலிருந்து யார் வந்தாலும் சாயா கொடுக்கும்போதே, "கிளாஸைக் கீழே வைக்காதீங்க, இவன் கழுவிருவான்" என்பார் அப்பா. சில வருஷம் கழித்து இடப்பள்ளியில் ஒரு கடைக்கு இன்டர்வியூவுக்குக் கிளம்பிய தங்கை, வாசலில் நின்று சொன்னாள்: "பயப்படாதே அண்ணா, நான் அங்க போய் ஒண்ணையும் கழுவ மாட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் பாதி குடித்து வைத்த கிளாஸ் அப்போது என் கையில் இருந்தது.