புல்லி அண்ணனின் பல்லி

புனே முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், தன் சைக்கிள் போடும் சத்தத்துக்காகப் பெருமைப்பட்ட மனிதர் ஒருவர்தான் தேறுவார். அந்த ஒருவர் என்னோடு குடியிருந்தார் என்பது என் ஜாதக விசேஷம்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் தேஹு ரோட்டில் ஒரு மாடி வீட்டை நானும் அவரும் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். நான் கம்ப்யூட்டர் கம்பெனி. அவர் ராணுவ டெப்போவில் வேலை, கோயமுத்தூர்க்காரர், நாற்பது வயது பிரம்மச்சாரி. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் எல்லோருக்கும் அவர் புல்லி அண்ணன்தான்.

காரணம் அவருடைய ரேஸ் சைக்கிள். அதன் பின்சக்கர அச்சுக்குக் கீழே, கியர் மாற்றும் இடத்தில், செயின் சுற்றி ஓட இரண்டு சின்னப் பல்சக்கரங்கள் உண்டு. புல்லி என்பார்கள். கம்பெனி போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் புல்லிகள் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. அக்கா மகன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த சிவப்பு அலுமினியப் புல்லிகளை மாட்டினார். அன்றிலிருந்து வேகமாக மிதித்தால் கடகடகட. மெதுவாகச் சுற்றினால் டிக், டிக், டிக்.

"பாவு, வர் கிர்ணி டாக்லி கா?" என்று கேட்டாள் கீழ்வீட்டு மராட்டிக்கார அம்மாள். மாடியில் மாவு மில் வைத்துவிட்டோமா என்று அவளுக்குச் சந்தேகம். ஞாயிறு தோறும் லோனாவாலா ஏற்றம் ஏறப் போகும் சைக்கிள் கோஷ்டி அவரை எப்போதும் அரை கிலோமீட்டர் முன்னால் அனுப்பிவைத்தது. தன் வேகத்துக்குக் கிடைத்த மரியாதை என்று அவர் நம்பினார். நான் ஒருநாள் திருட்டுத்தனமாகத் தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். கண்டுபிடித்துத் துடைத்துவிட்டார்.

"சத்தம் வந்தாத்தானுங்க நல்ல புல்லி ஓடுதுன்னு நாலு பேருக்குத் தெரியும்."

யாராவது தெரியாத்தனமாக "அதென்ன சத்தம்?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. பேரிங், பல், அலுமினியத்தின் குணம் என்று அரை மணி நேரம் பேசுவார். கேட்டவர் பஸ்ஸைத் தவறவிடுவார்.

இந்த நிலையில் எனக்குப் பெண் பார்த்தார்கள். கோர்படியில் ரொம்ப வருஷமாக இருக்கிற தமிழ்க் குடும்பம். எனக்கு அவளை அவ்வளவு பிடித்துவிட்டது. அவளுக்கும் சம்மதம் என்று தகவல். அவள் அப்பாதான் இழுத்துக்கொண்டிருந்தார். வங்கி அதிகாரி, ஆனால் பல்லி சொல்லாமல் ஒரு காரியமும் செய்யாதவர். மாப்பிள்ளை குடியிருக்கும் லட்சணத்தைப் பார்க்க ஒரு ஞாயிறு மாலை வந்தார்.

"அண்ணா, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், இன்னிக்கு மட்டும் சைக்கிளைத் தொடாதீங்க" என்றேன்.

"நான் எதுக்குங்க தொடறேன்?" என்று பால்கனிக்குப் போனார். சைக்கிள் அங்கேதான் இருந்தது.

பெரியவர் காபி குடித்தார். சுவர்களைப் பார்த்தார். "தம்பி, பாக்கி எல்லாம் டீக் ஹை, சரிதான். ஆனா மனசுக்கு ஒரு உத்தரவு கிடைக்கலை. யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று போன பெண் வீட்டார் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

டிக், டிக், டிக்.

பெரியவர் நின்றார். "கிழக்கே சொல்லுது. நல்ல பலன்."

நான் அன்றைக்குப் பார்த்து யோக்கியனாகிவிட்டேன். "சார், அது புல்லி."

"நானும் அதைத்தானே சொல்றேன், பல்லி."

"பல்லி இல்ல சார். புல்லி. பு."

"சந்தோஷத்துல நாக்கு குழறுது பாரு" என்றார்.

உண்மையைச் சொல்லியாயிற்று, நம்பாதது அவர் பாடு என்று நான் தெம்பாக இருந்த நேரத்தில், கையெல்லாம் கிரீஸோடு அண்ணன் உள்ளே வந்தார். பெரியவர் அவரைக் கேட்டார். "நீங்க சொல்லுங்க. அங்க அதென்ன சத்தம்?"

போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர் அவர். பேரிங்கில் ஆரம்பிப்பார், கல்யாணம் காலி. கண்ணைத் திறந்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை பால்கனியிலிருந்த சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார்.

"பல்லிதானுங்க" என்றார். "கொஞ்சம் பெரிய பல்லிங்க."

"அப்புறமென்ன மாப்பிள்ளை" என்று பெரியவர் மறுபடி உட்கார்ந்தார்.

மறுநாள் காலை அண்ணன் டெப்போவுக்குக் கிளம்பினார். சைக்கிளில் சத்தமே இல்லை. குனிந்து பார்த்தால் பழைய பிளாஸ்டிக் புல்லிகள்.

"ஏண்ணா கழட்டிட்டீங்க?"

"உங்க மாமனார் இனி அடிக்கடி வருவாருங்க. ரோட்டுல போற சைக்கிள்ல பல்லி சொன்னா சந்தேகப்பட மாட்டாருங்களா?"

சொல்லிவிட்டு மிதித்தார். தெரு திரும்பும் வரை ஒரு சத்தமும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப்பிறந்தவன்கூட எனக்காக அதைக் கழற்றியிருக்க மாட்டான்.