மாலத்தீவுக்குப் போக மண்ணூர் விதிகள்

மாலத்தீவு நான்கு பக்கமும் கடலால் சூழப்பட்ட நாடு. அங்கே போக நமக்கு முன்கூட்டி விசா வேண்டாம். இறங்கிய இடத்தில் பாஸ்போர்ட்டை நீட்டினால் முப்பது நாளுக்கு முத்திரை குத்திவிடுவார்கள். மகராசனுங்க, நல்லா இருக்கட்டும். சிக்கலெல்லாம் நாங்கள் வேலை பார்க்கும் மண்ணூரிலிருந்து கிளம்புவதில்தான்.

போன வருஷம், இரண்டாயிரத்து மூன்றில், ஃபாரின் போய்வருவது எங்கள் பக்கம் பெரிய நாகரிகமாகிவிட்டது. கார் சீட் தைக்கும் எங்கள் கம்பெனி மட்டும் சும்மா இருக்குமா? வருஷம் முழுக்க ஒரு நாள்கூட லீவு எடுக்காத தொழிலாளிக்கு, சம்சாரத்தோடு ஒரு வாரம் மாலத்தீவு என்று ஹெச்.ஆர். மேனேஜர் ராஜசேகர் அறிவித்தார். கிடைத்தது என் ரூம்காரன் ஆறுமுகநயினாருக்கு. அவனும் என்னைப்போல் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணத்துக்கே லீவு எடுக்காதவன் அவன். ஞாயிற்றுக்கிழமை ஊரில் தாலி கட்டிவிட்டு, ராத்திரி பஸ் பிடித்து, மறுநாள் இரண்டாவது ஷிஃப்டில் லைனில் நின்றான். அன்றிலிருந்து முத்துச்செல்வி அங்கே, இவன் இங்கே. புருஷன் பெண்டாட்டியாக ஒரு வாரம் சேர்ந்திருக்க அந்தத் தீவை விட்டால் அவர்களுக்கு வேறு கதி இல்லை.

ரூம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. ஒரு பாய் விரிக்க இடம், மூன்று பேர். ஒருவன் பகலில் ஏ ஷிஃப்ட், ஒருவன் மாலையில் பி, ஒருவன் ராத்திரியில் சி. ஒருவன் எழுந்தால்தான் அடுத்தவன் படுக்கலாம். வாரம் பிறந்தால் ஷிஃப்ட் மாறும், பாயில் ஆளும் மாறுவான்.

முத்துச்செல்விக்கு ஊரிலேயே பாஸ்போர்ட் வந்துவிட்டது. இவனுடையதற்குத்தான் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு விசாரிக்க வந்தார், காலை பத்து மணிக்கு. அவன் டூட்டியில் இருந்தான். நைட் ஷிஃப்ட் முடித்து நான் படுத்திருந்தேன்.

"யோவ், எழுந்திரு. ஆறுமுகநயினார் நீதானே?"

"இல்ல ஸார், நான் உச்சிமாகாளி. அவன் வேலைக்குப் போயிருக்கான்."

"அவன் வூடு இதுதானே?"

"ஆமா ஸார்."

"வூடுன்னா இன்னா? மனுசன் படுத்துத் தூங்கற எடம். இங்க யாரு தூங்கிக்கினு இருந்தது?"

"நான்தான்."

"அப்ப நீதான் ஆறுமுகநயினார். போடு கையெழுத்த."

நான் மாட்டேன் என்றேன். முறைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரம் வந்தார். எங்கள் மூன்றாவது ரூம்காரன் சுடலைக்கண்ணு படுத்திருந்தான், ஆறுமுகநயினார் டீக்கடைக்குப் போயிருந்தான். அவனும் இல்லை என்றான். அதற்கடுத்த வாரம் நைட் ஷிஃப்ட் ஆறுமுகநயினாருக்கே வந்தது. ஏட்டைக் கண்டதும் துள்ளி எழுந்தான்.

"ஸார், நான்தான் ஆறுமுகநயினார்!"

"மூணாவது மூஞ்சியா? மொத ரெண்டு பேராவது இல்லன்னு ஒத்துக்கினானுங்க. நீ இன்னாடான்னா தைரியமா நான்தான்ங்கற!"

'மேற்படி முகவரியில் மேற்படி நபர் வாரம் ஒரு முகத்துடன் வசித்து வருவது நேரில் கண்டறியப்பட்டது' என்று எழுதிக்கொண்டார். சந்தேகம் தீர வேண்டுமானால் மூன்று முகமும் ஒரே சமயத்தில், அலுவல் நேரத்தில், அவர் எதிரே நிற்க வேண்டுமாம்.

எந்த வாரமானாலும் பத்து மணிக்கு எங்களில் ஒருவன் ஏ ஷிஃப்டில் இருப்பான். அவன் லீவு போட்டாக வேண்டும்.

"ஏலே, எனக்காவ ஒருத்தன் ஒரே ஒரு நாள் லீவு போடுங்கலே. கையெடுத்துக் கும்பிடுதேன்" என்றான் ஆறுமுகநயினார்.

அடுத்த வருஷத் தீவு எனக்கு, முடியாது என்றான் சுடலைக்கண்ணு. எனக்குத்தான் என்றேன் நான். கல்யாணமே ஆகாத உங்களுக்குச் சம்சாரத்தோடு தீவு எதற்கு என்று கேட்காதீர்கள். கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா?

கடைசியில் ஏ ஷிஃப்ட் தனக்கு வந்த வாரம் அவனே லீவு போட்டான். மூவரும் வரிசையாக நின்றோம். ஏட்டு திருப்தியடைந்தார். பாஸ்போர்ட் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு ராஜசேகரிடம் ஓடினான்.

"லீவு எடுக்காதவருக்குத்தான் தீவு. நீங்கதான் எடுத்துட்டீங்களே" என்றார் அவர்.

"பாஸ்போர்ட்டுக்குத்தான் ஸார் எடுத்தேன். பாஸ்போர்ட் இல்லாம எப்படி ஸார் போறது?"

"அது அரசாங்க விஷயம். கம்பெனி தலையிட முடியாது."

ஆறுமுகநயினாருக்கு அடுத்தபடி வருகைப் பதிவேட்டில் குறையே இல்லாத ஆள் யார் என்று பார்த்தார்கள். பதிவேட்டை வைத்திருக்கும் ராஜசேகர்தான். கம்பெனியின் மானத்தைக் காப்பாற்ற அவர் சம்சாரத்தோடு விமானம் ஏறினார்.

அதே வாரம் முத்துச்செல்வி ஊரிலிருந்து பெட்டியோடு வந்து எங்கள் ரூம் வாசலில் நின்றாள்.

"தீவு கெடக்கட்டும். ஒரு வாரம் இவுங்களோட இந்த ரூம்ல இருந்துட்டுப் போறேன். நீங்க எங்கயாச்சும் தங்கிக்கிடுங்க அண்ணாச்சி" என்றாள்.

நானும் சுடலைக்கண்ணும் வெளியே போய்க் கலந்து ஆலோசித்தோம். நான் திரும்பி வந்து தீர்மானத்தை அறிவித்தேன்.

"மைனி, அவனுக்கு இந்த வாரம் ஏ ஷிஃப்ட். சாயங்காலம் நாலுலேருந்து ராத்திரி பத்து வரைக்கும் பாய் அவனோடது. அதுவரைக்கும் நீங்களும் தாராளமா இருக்கலாம். அதுக்கு மேல வழியில்ல."

முத்துச்செல்விக்குக் கண் நிறைந்துவிட்டது. "முன்னப்பின்ன தெரியாத தேசத்துக்காரன் முப்பது நாள் இருந்துக்கோங்கான். நீங்க ஊர்க்காரப் பயலுவோ!" என்றாள். பெட்டியைத் தூக்கினாள். ஆறுமுகநயினார் தன் துணிமணியைச் சுருட்டிக்கொண்டு அவள் பின்னால் போனான். இப்போது தென்காசிப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருக்கிறானாம்.

எங்களுக்கும் வருத்தம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ரூமுக்கு மூன்றாவது ஆள் வேண்டுமே. மணமாகாதவராக இருத்தல் வேண்டும், கம்பெனிக் கடிதம், ஊர் வி.ஏ.ஓ. சான்று, தெரிந்தவர் இருவர் ஜாமீன் அவசியம் என்று டீக்கடையில் எழுதி ஒட்டினோம். நேற்று ஒருவன் எல்லாக் காகிதத்தோடும் வந்து நின்றான். முகம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை, அடுத்த வாரம் வந்து பார் என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.