எழுநூறு கோடி கோடி சாவி

மனிதரில் ரகசியர் என்றோர் இனம் உண்டு. இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டால்கூட அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் சொல்வார்கள். கப்பலூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் மேனேஜர் லூர்துராஜ் இந்த இனத்தில் சிங்கம்.

கல்லூரியில் படித்த டெஸ் என்ற கம்ப்யூட்டர் பூட்டின்மேல் அவருக்கு அப்படியொரு காதல். ஒரு சாவிச்சொல்லைப் போட்டால் எந்த ஃபைலையும் கூழாக அரைத்துவிடும். அதே சொல்லைப் போட்டால்தான் பழையபடி கிடைக்கும். அதை உடைத்துக் கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது என்று டிசைனர் ஆஷ்லின் சொன்னால் சிரிப்பார். “எழுநூறு கோடி கோடி சாவிம்மா! எவன் உக்காந்து போட்டுப் பாப்பான்?”

பம்ப் வரைபடத்தைப் பூட்டுவார், லீவு லிஸ்டைப் பூட்டுவார், கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் யார் கொண்டுவருவது என்ற பட்டியலையும் பூட்டுவார். அத்தோடு விட்டாரா? மாதாமாதம் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும், மனைவி பாக்கியமேரியின் பெயரை ஆங்கிலத்தில் அடித்து, அன்று பாடிய திருப்பாடலின் எண்ணை அதன் வாலில் ஒட்டிப் புதுச்சாவி செய்வார். இருபது வருஷமாக!

போன செவ்வாய்க்கிழமை எண் மறந்துபோயிற்று. நாலு மணிக்குள் வரைபடம் கோயம்புத்தூர் போகாவிட்டால் ஒரு வருஷ ஆர்டர் கைநழுவிவிடும். மூன்றரைக்கு ஆனையூர் வீட்டுக்குப் போன் போட்டார்.

“பூசையில தூங்குனது நீங்க. என்னைய எதுக்குக் கேக்குறீங்க?” என்றார் பாக்கியமேரி.

பாவம், மனிதருக்கு வேர்த்துக் கொட்டியது. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தரும் கோடி அற்புதர் அந்தோனியாரை வேண்டிக்கொண்டு, கண்ணை மூடி, தொண்ணூற்றொன்று என்று அடித்தார். திறந்துகொண்டது!

வரைபடம் போய்ச் சேர்ந்தது. “புதுமை! புதுமை! அந்தோனியார் செஞ்ச அற்புதம்!” என்று ஆபீஸையே கூட்டிவிட்டார். ஆஷ்லின் மட்டும் நெளிந்தாள்.

“சார், எந்த நம்பர் போட்டாலும் தொறக்கும். இந்த சாஃப்ட்வேர் முதல் எட்டு எழுத்தைத்தான் பாக்கும். இங்கிலீஷ்ல பாக்கியம்னு அடிச்சாப் போதும், மத்ததைக் கண்டுக்காது.”

“இது உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“நீங்க அடிக்கிறப்ப வாய்விட்டுச் சொல்வீங்கள்ல சார்... வாட்ச்மேன் சுடலை அண்ணன் நம்பரே போடாம லீவு லிஸ்ட்டை அப்படித்தான் பாக்குறாரு.”

லூர்துராஜ் கீபோர்டைத் தள்ளி வைத்தார். பிறகு சுடலையைக் கூப்பிட்டு, தன் லீவு எந்தத் தேதியில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், யாரும் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொண்டு உங்கள் செல்போனைத் திறப்பீர்களே, அந்த நாலு எண்... உங்கள் கல்யாண வருஷம்தானே?