மோர்டனில் மோர் விற்ற கதை

ஷிப்ட் முடித்து வந்த பஸ் சாரதி ஞானேஸ்வரன், சப்பாத்தைக் கழற்றுமுன்பே வாசலில் கிடந்த அழைப்பிதழைப் பார்த்துவிட்டார். அன்று மாலை தமிழ்ச் சங்க விழாவில் அவர் சிறப்புரையாம். தலைப்பு, 'மோர்டன்: தமிழர் மோர் விற்ற ஊர்.'

லண்டனில் இருக்கும் மோர்டனின் பெயரை வைத்து ஒரு கலியாண வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவர் சும்மா சிரிக்க விட்ட பகிடி அது.

தலைவர் குகதாசனுக்குப் போன் எடுத்தார். "நான் என்ன செய்ய? சபை முழுக்க உங்களைத்தான் கேட்டது" என்றார் தலைவர், சுரத்தே இல்லாமல்.

படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனாலும் பொய் சொன்ன பெயர் வேண்டாமென்று நூலகத்துக்குப் போய்த் தேடினார். பழைய ஆங்கிலத்தில் 'மோர்' என்றால் சதுப்பு நிலம், 'டூன்' என்றால் குன்று. எல்லாரிடமும் இதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டு இறங்கிவிடலாம் என்று மேடையேறினார்.

சொன்னார். முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "சதுப்பு நிலத்திலதானே எருமை நிக்கும். எருமை நிண்டால் மோர் இருக்கும்தானே?"

மண்டபம் கைதட்டியது.

ஊர்ப் பெயர்களை அப்படிப் பிரிக்கக் கூடாதென்று காட்ட, லண்டனின் இன்னொரு ஊரான ஹரோவை எடுத்தார். கிறிஸ்தவம் வருமுன் இருந்த பழைய கோயில் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள் என்றார். கோயில் என்ற சொல் வாயிலிருந்து வந்ததுதான் தாமதம், பாதிச் சபை எழுந்து நின்றுவிட்டது.

ஒரு மணித்தியாலம் ஆயிற்று. முழங்கால் வலித்தது. இனி அபத்தமாக எதையாவது சொன்னால் தாங்களே இறக்கிவிடுவார்கள் என்று நினைத்து, ஹரோ என்பதே அரோகராவிலிருந்து வந்ததுதான் என்றார்.

"அரோகரா" என்றது மண்டபம் ஒரே குரலில். ஒலிவாங்கிக்குக் கைநீட்டிய தலைவரைப் பார்த்து, அண்ணை இன்னும் பேசட்டும் என்று நாலு பக்கமும் சத்தம் போட்டார்கள். இன்னும் முக்கால் மணித்தியாலம் பேசினார். அதற்குள் மண்டபத்தைப் பூட்ட ஆள் வந்துவிட்டது.

தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த றூபினிக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"பிள்ளை, இவ்வளவு படிச்ச சனம் இதையெல்லாம் நம்புதே?"

றூபினி கோப்பையை நீட்டினாள்.

"ஆர் நம்பினது அண்ணை? நீங்கள் இறங்கினால் தலைவர் பாடத் தொடங்கியிடுவார், அதுதான் ஒருத்தரும் உங்களை இறங்க விடேல்லை."